கணவன் காணாத கரை

1905-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கனடாவின் வடகிழக்குக் கோடியில் லாப்ரடார் என்ற பெருநிலம் இருக்கிறது. பாறை, பாசி, சதுப்பு, ஏரி, மறுபடியும் பாறை. ஆண்டின் பெரும்பகுதி பனியில் உறைந்து கிடக்கும் பூமி அது. அதன் வடக்கு ஓரத்தில் உங்காவா விரிகுடாவை நோக்கிச் சீறிப் பாய்கிறது ஜார்ஜ் நதி. அன்று அந்த நதியில் இரண்டு ஓடங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன.

ஓடங்களில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் ஆண்கள். ஒருவர் பெண்.

ஆண்கள் நால்வரும் காட்டிலும் ஆற்றிலும் வளர்ந்தவர்கள். அந்தப் பெண் நியூயார்க் நகரில் நர்ஸாக இருந்தவர். வயது 35. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விதவையானவர். அவர்கள் கிளம்பி 61 நாட்கள் ஆகியிருந்தன. அன்று பிரயாணத்தின் கடைசி நாள். நதி கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஹட்சன் விரிகுடா கம்பெனியின் வியாபார நிலையம் ஒன்று உண்டு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஆனால் ஐந்து பேர் மனத்திலும் ஒரே கவலைதான். கப்பல் போய்விட்டதா, இருக்கிறதா?

அந்த நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு கப்பல்தான் வரும். அதன் பெயர் 'பெலிக்கன்'. ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்தில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். அது வந்து திரும்பியிருந்தால் அந்தப் பனிப் பாலையில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். அல்லது நாய் வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டும்.

இந்தப் பெண் யார்? இந்த ஆபத்தை ஏன் வலியத் தேடிக்கொண்டார்?

பண்ணை வீட்டுப் பெண்

மினா பென்சன் 1870-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பியூட்லி என்ற கிராமத்தில் பிறந்தார். குடியானவர் குடும்பம். படித்து, உள்ளூர்ப் பக்கத்திலேயே சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். அது அவருக்குப் போதவில்லை. நியூயார்க்குக்குச் சென்று நர்ஸ் பயிற்சி பெற்று, 1899-ல் தேறினார்.

மறு ஆண்டு டைபாய்டு காய்ச்சலுடன் ஓர் இளைஞர் அவரது பராமரிப்புக்கு வந்தார். பெயர் லியோனிடாஸ் ஹப்பார்டு. பத்திரிகை எழுத்தாளர். மெலிந்த உடல், அடங்காத ஆசைகள். நோயாளி குணமானார். நர்ஸின் மீது காதல் கொண்டார். 1901-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஹப்பார்டு 'அவுட்டிங்' என்ற சஞ்சிகையில் துணை ஆசிரியராக இருந்தார். வேட்டை, படகு, நாடோடிப் பயணம் பற்றியெல்லாம் எழுதும் பத்திரிகை அது. பிறர் பயணங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, தாமும் பெயர் சொல்லும்படி ஒரு பயணம் செய்ய வேண்டும் என்ற ஆசை பிறந்தது. லாப்ரடாரின் உட்பகுதி அப்போது வரைபடத்தில் பெரும்பாலும் வெறும் புள்ளிக்கோடு. அதை நிரப்ப வேண்டும். கூட்டம் கூட்டமாக இடம் பெயரும் கரிபு மான்களைப் பார்க்க வேண்டும். உள்நாட்டில் வேட்டையாடி வாழும் நஸ்காப்பி மக்களைச் சந்திக்க வேண்டும். இந்த மூன்றும்தான் அவர் கண்ட கனவு.

தவறிப்போன ஆற்று வாய்

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி நார்த் வெஸ்ட் ரிவர் என்ற வியாபார நிலையத்திலிருந்து மூன்று பேர் ஓர் ஓடத்தில் புறப்பட்டார்கள். ஒருவர் ஹப்பார்டு. இன்னொருவர் அவருடைய நண்பர், நியூயார்க் வக்கீல் டில்லன் வாலஸ். மூன்றாமவர் ஜார்ஜ் எல்சன். கிரீ என்ற பூர்வகுடி இனமும் ஸ்காட்லாந்து ரத்தமும் கலந்தவர். ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து மனிதர். கூலிக்கு வந்த வழிகாட்டி.

தொடக்கத்திலேயே தவறு நேர்ந்தது. கிராண்ட் ஏரியில் வந்து கலக்கும் நஸ்காப்பி நதியின் வாயைக் கவனிக்காமல் கடந்து போனார்கள். வேறொரு சிற்றாற்றில் ஏறினார்கள். அது ஆறே அல்ல, கல்லும் முள்ளும் நிறைந்த ஓடை. ஓடத்தில் ஏறிச் சென்றதைவிட ஓடத்தைச் சுமந்து சென்றதே அதிகம். வாரங்கள் கழிந்தன. மாவு குறைந்தது. செப்டம்பரில், ஒரு குன்றின் உச்சியிலிருந்து ஹப்பார்டும் எல்சனும் மிச்சிகமா என்ற பெரிய ஏரியைத் தொலைவில் கண்டார்கள். அதை அடைந்தால் வடக்கே போகும் வழி திறக்கும். ஆனால் காற்று அடித்த அடியில் ஓடம் நகரவில்லை. நாள் கணக்கில் கரையில் முடங்கிக் கிடந்தார்கள். குளிர் நெருங்கியது. திரும்புவதென்று முடிவாயிற்று.

திரும்பும் வழி மரண வழியாயிற்று. மான்தோலையும், மான்தோல் காலணியையும், எலும்பையும் வேகவைத்துக் குடித்தார்கள். அக்டோபர் 18-ந் தேதி ஹப்பார்டினால் எழுந்து நடக்க முடியவில்லை. அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மற்ற இருவரும் கிளம்பினார்கள். போகும்போது வழியில் எறிந்துவிட்டுப் போன, பூசணம் பிடித்த மாவு கொஞ்சம் இருந்தது. அதைத் தேடி எடுத்து, வாலஸ் கூடாரத்துக்குத் திரும்புவது. எல்சன் உதவி தேடி மேலே செல்வது. இதுதான் ஏற்பாடு.

மாவு கிடைத்தது. ஆனால் பனிப்புயலில் வாலஸினால் கூடாரத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹப்பார்டு நாட்குறிப்பில் கடைசி வரிகளை எழுதிவிட்டு, தனியே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31.

எல்சன் நின்றுவிடவில்லை. எலும்பும் தோலுமாய் இருந்த மனிதர், பனியில் நடந்து, கட்டை கட்டி ஆற்றைக் கடந்து, கிராண்ட் ஏரியின் கரையில் மென்மயிர் வேட்டைக்காரர்களின் குடிசையைப் போய் அடைந்தார். அந்த வேட்டைக்காரர்கள் உடனே கிளம்பி வாலஸை உயிருடன் மீட்டார்கள். மீட்கச் சென்றவர்களில் ஒருவர் கில்பர்ட் பிளேக் என்ற வாலிபர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பார்டின் சடலம் நாய் வண்டியிலும் பின்பு கப்பலிலும் ஏறி, 1904 மே மாதம் நியூயார்க் வந்து சேர்ந்தது.

ஒரு புத்தகம் மூட்டிய நெருப்பு

கணவரின் கதையை எழுதித் தரும்படி மினாவே வாலஸைக் கேட்டுக்கொண்டார். 1905-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. விற்பனையும் அமோகம். ஆனால் படித்த மினாவின் மனம் நொந்தது. தம் கணவர் திட்டமிடத் தெரியாதவர், மன உரம் போதாதவர் என்று உலகம் நினைக்கும்படி அந்த நூல் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. இதற்கிடையில், ஹப்பார்டு விட்ட இடத்திலிருந்து அதே பயணத்தைத் தாமே முடிக்கப் போவதாகவும் வாலஸ் ஏற்பாடுகள் செய்யத் தொடங்கினார்.

மினா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மறுப்புக் கட்டுரையும் எழுதவில்லை. கணவரின் வேலையை நானே முடிக்கிறேன் என்று தீர்மானித்தார். விஷயத்தைக் கடைசிவரை ரகசியமாகவே வைத்திருந்தார்.

தீர்மானித்தது மினா. ஆனால் அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? அவர் யோசிக்கவே இல்லை. ஜார்ஜ் எல்சனை அழைத்தார். எல்சனும் வருகிறேன் என்றார்.

இங்கே சற்று நின்று எல்சனின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அழைத்துச் சென்ற இருவரில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்த வழிகாட்டி அவர். குற்றம் அவருடையதல்ல, ஆயினும் அந்தப் பாரம் நெஞ்சில் இருந்தது. இப்போது இறந்தவரின் மனைவியே, அதே காட்டுக்கு அழைத்துப் போ என்கிறார். இந்த முறையும் ஏதாவது நேர்ந்தால் அந்த மனிதர் எந்த முகத்தோடு ஊர் திரும்புவார்?

எல்சன் தமக்கு நம்பிக்கையான ஆட்களைச் சேர்த்தார். ஜோசப் இசர்ஹாப், ஜோப் சேப்பீஸ் இருவரும் அவர் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். ஜோப் ஆற்று வேகத்தைக் கண்ணால் அளந்து சொல்வதில் மகா நிபுணர். லாப்ரடாரிலேயே நான்காவது ஆள் சேர்ந்தார். அவர்தான் கில்பர்ட் பிளேக்.

மூட்டைகளும் முடிச்சுகளும்

1905 ஜூன் 27-ந் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல், அதே நார்த் வெஸ்ட் ரிவரிலிருந்து இரண்டு ஓடங்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றும் 19 அடி நீளம். சுமார் 750 பவுண்டு உணவுப் பொருள். அதில் பாதிக்கு மேல் மாவு. துப்பாக்கிகள், புகைப்படக் கருவிகள், அட்சரேகை கணிக்கும் செக்ஸ்டன்ட் கருவி. மினாவுக்கென்று தனிக் கூடாரம். அரையில் ஒரு கைத்துப்பாக்கியும் வேட்டைக் கத்தியும். வாலஸின் கோஷ்டி ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டது.

நஸ்காப்பி நதியின் வாயை இந்த முறை அவர்கள் தவறவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹப்பார்டு அந்தத் திருப்பத்தைப் பார்த்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார். அதைக் கடக்கும்போது மினாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

வழிகாட்டிகள் என்று பெயரே தவிர, ஆற்றின் கீழ்ப்பகுதியைத் தாண்டி அந்த வழியை அந்நால்வரில் எவரும் கண்டதில்லை. தண்ணீரின் நிறம், நுரை, இரைச்சல் இவைதான் அவர்களுக்கு வரைபடம். முடிந்த இடத்தில் கழியால் ஊன்றி ஓடத்தை மேலேற்றினார்கள். முடியாத இடத்தில் ஓடத்தையும் மூட்டைகளையும் முதுகில் சுமந்து, கரையோரமாய் நடந்தார்கள். கொசுவும் கடிக்கும் கறுப்பு ஈயும் மேகம்போல் மொய்த்தன.

புறப்பட்ட சில நாட்களுக்குள் ஓர் ஓடம் கவிழ்ந்தது. ஜோப் நூலிழையில் உயிர் தப்பினார். கோடரிகள், பொரிக்கும் சட்டிகள், ஒரு துடுப்பு, கூடாரத்து அடுப்பு எல்லாம் ஆற்றோடு போயின. மனிதன் பிழைத்தானே, அது போதும் என்று மேலே நடந்தார்கள்.

மற்றொரு நாள் மினாவே ஒரு விளையாட்டு விளையாடினார். அவரை ஆண்கள் தனியே எங்கும் போக விடுவதில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு குன்றின் மேல் ஏறிப் போய்விட்டார். கீழே ஆண்கள் தேடினார்கள். கூவினார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள். மினா பதிலுக்குச் சுட்டாரே தவிர, அவர்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் எல்சன் அவரைக் கண்டுபிடித்தபோது, அந்தத் திடமான மனிதரின் முகம் வெளிறி, கைகள் நடுங்கின. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். ஆற்றிலோ காட்டிலோ அம்மையாரை இழந்துவிட்டால், தங்களில் ஒருவர்கூட இனி ஊர் திரும்ப முடியாது. அவர் இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று கேட்டார்.

மினா வெட்கிப் போனார். அவருக்கு அது ஒரு குன்று ஏறும் ஆசை. அவர்களுக்கோ ஆயுள் முழுதும் சுமக்க வேண்டிய பழி. பெண்ணை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கும் உலகம், பூர்வகுடி ரத்தம் ஓடும் மனிதர்களின் விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்குமா? அன்று முதல் மினா தனியே போவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவர் பார்க்க விரும்பிய காட்சிகள்

ஆகஸ்டு 2-ந் தேதி வாக்கில் அவர்கள் மிச்சிகமா ஏரியை அடைந்தார்கள். ஹப்பார்டு குன்றின் மேலிருந்து பார்த்து ஏங்கிய ஏரி. எல்சனுக்கும் அது பழைய புண். இந்த முறை காற்று அவர்களைத் தடுக்கவில்லை. கடல்போல் விரிந்து கிடந்த அந்த நீர்ப்பரப்பைக் கடந்தார்கள்.

ஆகஸ்டு 8-ந் தேதி ஓர் அதிசயம் கண்டார்கள். மலைச்சரிவே அசைவதுபோல் கரிபு மான் கூட்டம். நூறா, ஆயிரமா? எண்ண முடியவில்லை. கணவர் காண விரும்பி, காணாமல் போன காட்சி. மினா தம் புகைப்படக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆகஸ்டு 10-ந் தேதி நீர்ப்பிரி மேட்டைத் தாண்டினார்கள். அதற்குத் தெற்கே பெய்யும் மழை அட்லாண்டிக் பக்கம் ஓடும். வடக்கே பெய்வது உங்காவாவுக்குப் போகும். அங்கே கண்ட ஏரி ஒன்றுக்கு மினா தம் கணவரின் பெயரைச் சூட்டினார். அதன் பிறகு வடக்கே பாயும் ஜார்ஜ் நதி. இந்த நதிக்கும் எல்சனுக்கும் ஒரே பெயர் என்றாலும் சம்பந்தம் இல்லை. 1811-ல் மொரேவியன் பாதிரிமார்கள் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அதை அழைத்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் கம்பெனி அதிகாரி ஜான் மக்லீன் அந்த வழியே போய் வந்திருக்கிறார். ஆனால் சரியான வரைபடம் எவரும் வரைந்ததில்லை.

ஆகஸ்டு 17-ந் தேதி முதன்முதலாகக் கரையில் கூடாரங்கள் தெரிந்தன. மோன்டான்யே இனத்துப் பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருந்தார்கள். ஆண்கள் வியாபாரத்துக்காகக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அந்நியர்களைக் கண்டு பெண்கள் பயந்து, விலகிப் போகும்படி கூச்சலிட்டார்கள். எல்சன் தங்கள் மொழியில் பேசியதும் பயம் சிரிப்பாக மாறியது.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 20-ந் தேதி, நஸ்காப்பி மக்களைச் சந்தித்தார்கள். மோன்டான்யே, நஸ்காப்பி என்று அன்று பிரித்துச் சொன்ன இரு சாராரும் இன்று இன்னு என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். மான் கூட்டம் இன்னும் அவர்கள் பக்கம் வரவில்லை. அதனால் அவர்களுக்கு ஆகாரக் குறைவு. மினா தம் மூட்டையிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்தார்.

வியாபார நிலையம் எவ்வளவு தூரம் என்று எல்சன் விசாரித்தார். விரைவாகப் போனால் ஐந்து இரவு தூங்க வேண்டும் என்று பதில் வந்தது. தூரத்தைத் தூக்கத்தால் அளப்பது அவர்கள் வழக்கம். கப்பலைப் பிடிக்க முடியாதோ என்று அதுவரை உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்த மினாவுக்கு அந்த ஐந்து இரவுகள் அமுதம்போல் இனித்தன.

கடைசி நாள்

ஆனால் அந்த ஐந்து இரவுகளுக்கும் இடைப்பட்ட பகல்கள் இருக்கின்றனவே! அங்கிருந்து கடல்வரை சுமார் 130 மைல். ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் பாறைக்கிடையே நீர் சரிந்து ஓடும் இடங்கள். ஓடம் மலைச்சரிவில் உருளும் கல்லைப்போல் இறங்கியது. ஜோப் எழுந்து நின்று முன்னால் பார்ப்பார். ஒரு கணத்தில் வழியைத் தேர்வார். தவறினால் அடுத்த கணம் இல்லை. பகலெல்லாம் ஓடத்தில் பாறைகளைப் பார்த்து அஞ்சிய மினா, இரவெல்லாம் கனவிலும் அந்தப் பாறைகளையே கண்டார்.

இப்படித்தான் ஆகஸ்டு 27-ந் தேதி விடிந்தது.

நதி அகன்றது. வேகம் தணிந்தது. கடலின் ஓதம் ஏறி இறங்கும் நீரை ஓடங்கள் தொட்டன. பிறகு ஒரு வளைவில், பெரும் பாறை மலையின் அடிவாரத்தில், சின்னஞ்சிறு கட்டடங்கள் சில தென்பட்டன. 576 மைல் பயணம் முடிந்துவிட்டது. 61 நாட்களில் வழி நடந்த நாட்கள் 43 மட்டுமே.

ஓதம் வற்றியிருந்த நேரம். கரைக்கும் ஓடங்களுக்கும் இடையே ஒரே சேறு. நிலையத்தின் அதிகாரி ஜான் போர்டு சேற்றைக் கடந்து எதிர்கொள்ள வந்தார். மினா கேட்ட முதல் கேள்வி, கப்பல் வந்ததா என்பதுதான்.

வந்தது என்றார் போர்டு.

போய்விட்டதா?

போய்விட்டது என்றார்.

மினாவின் நெஞ்சு உடைந்தது. நல்ல வேளையாக, எந்தக் கப்பலைக் கேட்கிறீர்கள் என்று போர்டு விசாரித்தார். அப்போதுதான் விஷயம் வெளியாயிற்று. அவர் சொன்னது சென்ற ஆண்டு செப்டம்பரில் வந்துபோன கப்பலை! இந்த ஆண்டுக் கப்பல் இன்னும் வரவே இல்லை.

ஜெயித்துவிட்டார் மினா. வாலஸும் இன்னும் வந்து சேரவில்லை. போர்டுடன் பேசிக்கொண்டே மேட்டில் ஏறினார். அதிகாரியின் மனைவி அன்போடு வரவேற்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வீடு, ஒரு பெண்ணின் குரல்.

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

கீழே, சேற்றில் தட்டிய ஓடங்களருகே நான்கு பேரும் அப்படியே காத்திருந்தார்கள். அவரை உயிருடன் கொண்டுவந்து சேர்த்த மனிதர்கள். ஓதம் ஏறும்வரை மூட்டைகளோடு அங்கேயே இருக்க வேண்டியவர்கள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் தாம் மட்டும் மேலே வந்துவிட்டது மினாவுக்கு உறைத்தது. வந்த வழியே கீழே இறங்கினார். அவர்களிடம் போய்க் கை குலுக்கி நன்றி கூறினார்.

நிலையத்தை அடைந்தது மினாவின் வெற்றி. ஆனால் எல்சனுக்கு அது வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவரைப் பனியில் விட்டு வந்தவர், இந்த முறை அழைத்துவந்த அத்தனை பேரையும் முழுதாகக் கரை சேர்த்துவிட்டார். ஒரு வழிகாட்டிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கப்பலுக்குப் பிறகு

வாலஸ் அக்டோபர் 16-ந் தேதிதான் அங்கே வந்து சேர்ந்தார். பழைய இன்னு நடைபாதையைத் தேடி நதியை விட்டு விலகியதால் அவருக்கு நாட்கள் வீணாயின. நதியை விடாமல் பற்றிச் சென்ற மினா ஏழு வாரம் முந்திவிட்டார். அடுத்த சில நாட்களில் 'பெலிக்கன்' வந்தது. ஆகஸ்டுக் கவலைக்கு அக்டோபரில் விடை!

மினா வெறுங்கையோடு திரும்பவில்லை. நஸ்காப்பி, ஜார்ஜ் நதிகளின் முதல் நம்பகமான வரைபடம் அவரிடம் இருந்தது. நஸ்காப்பி நதியும் நார்த் வெஸ்ட் நதியும் இரண்டு என்று எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று காட்டினார். அமெரிக்க, பிரிட்டிஷ் பூகோள சங்கங்கள் அவர் கணிப்புகளை ஏற்றுக்கொண்டன. 1908-ல் லண்டனில் அவர் நூல் வெளிவந்தது. அதில் கணவரின் நாட்குறிப்பையும், எல்சன் தம் வாயால் கூறிய 1903-ம் ஆண்டுக் கதையையும் சேர்த்தார். உலகம் வாலஸின் சாட்சியத்தை மட்டும் கேட்டிருந்தது. வழிகாட்டியின் சாட்சியமும் இப்போது அச்சேறியது.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ஹெரால்டு எல்லிஸ் என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை, விவாகரத்தில் முடிந்தது. காடு கொடுத்த கீர்த்தியோடு அவர் இங்கிலாந்திலேயே முதுமை எய்தினார்.

1936-ல் ஒரு முறை கனடா சென்றார். அப்போது அவருக்கு வயது 66. நேரே வடக்கே போய் ஜார்ஜ் எல்சனைத் தேடிப் பிடித்தார். இருவரும் மூஸ் நதியில் மறுபடியும் ஓடப் பயணம் செய்தார்கள். இந்த முறை பந்தயம் இல்லை, பழி துடைக்கும் வேலை இல்லை, காத்திருக்கும் கப்பலும் இல்லை. எல்சன் 1944-ல் காலமானார். மினா 1956 மே 4-ந் தேதி லண்டனுக்குத் தெற்கே கோல்ஸ்டன் என்ற இடத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார். வயது 86.

அவர்கள் கடந்த மிச்சிகமா ஏரி இன்று தனியாக இல்லை. சர்ச்சில் அருவி மின்சாரத் திட்டத்துக்காக 1970-களின் தொடக்கத்தில் அமைந்த ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தில் அது கலந்துவிட்டது. ஜார்ஜ் நதிக் கரிபு மான்கள் 1990-களில் பல லட்சம் இருந்தன. 2018-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,500 மட்டுமே இருந்தன. மினா கண்ட லாப்ரடாரில் பாதி இன்று அவர் புகைப்படங்களிலும் வரைபடத்திலும்தான் இருக்கிறது.

அந்த வரைபடத்தில் ஹப்பார்டின் பெயரால் ஓர் ஏரி உண்டு. கணவருக்குச் செய்ய வேண்டியதை மனைவி செய்துவிட்டார். ஜார்ஜ் எல்சனுக்கு அவர் கொடுத்த மரியாதை வரைபடத்தில் அடங்காதது. அது அந்தக் கடைசி நாளன்று, ஏறிய மேட்டிலிருந்து மறுபடியும் சேற்றுக்கு இறங்கி வந்த சில அடிகளில் இருக்கிறது.